அம்மிணிக்கு, டிரெய்லர் எர்த் விஷயமாக

அன்புள்ள அம்மிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, மிச்சிகனில் நீங்கள் காரில் இழுத்துப்போகும் டிரெய்லர் வீட்டில் எர்த் சரியில்லை என்றாய். நானும் பாதி காதில் வாங்கிக்கொண்டு, "ஒரு கம்பியை மண்ணில் அடித்து ஒயரைக் கட்டிவிடு, சரியாகிவிடும்" என்றேன். அதைச் செய்யாதே. செய்திருந்தால் அதை நம்பாதே. போனை வைத்துப் படுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது, அப்புறம் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் கொடு.

நீங்கள் சொன்னவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்: தகரத்தைத் தொட்டால் ஷாக், இண்டிகேட்டர் போட்டால் மங்கலான மினுக்கம். நாமக்கல் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரண்டையும் ஒரே பேரில் சொல்லிப் பழகியதால் நான் குழம்பிவிட்டேன். லாரிக்காரனுக்கு எர்த் என்றால் சேஸிஸ், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டம், பேட்டரிக்குக் கரண்ட் திரும்பிப் போகும் வழி. அது எந்நேரமும் வேலை செய்தாக வேண்டும். வீட்டு வயர்மேனுக்கு எர்த் என்றால் பச்சை ஒயர். கரண்ட் கசிந்தால் மட்டும்தான் அதற்கு வேலை. உங்கள் டிரெய்லர் பாதி லாரி, பாதி வீடு. லைட்டும் பிரேக்கும் 12 வோல்ட், ஏசியும் வாட்டர் ஹீட்டரும் 120 வோல்ட். இரண்டு எர்த்தும் அதே இரும்புச் சட்டத்தில்தான் வந்து சேர்கின்றன.

முதலில் அவசரமானது. மழை விட்டதும் குட்டி வெறுங்காலோடு ஓடிப்போய்க் கதவுப் பிடியைத் தொட்டான், "சுர்ருன்னு இருக்கு" என்றான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நம் பழைய ஃபிரிட்ஜ் ஞாபகம் உனக்கு. உன் அம்மா பலகை மேல் நின்றுகொண்டுதானே அதைத் திறப்பாள்! அது சிரிக்கிற விஷயம் இல்லை, கண்ணு. டிரெய்லரின் மொத்தத் தகரமும் கரண்டில் நிற்கிறது. உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈர மண்ணில் ஒரு காலை வைத்துக் கையால் தகரத்தைத் தொடுகிறவனுக்குத்தான் அடிக்கும். இந்தக் கடிதம் கிடைத்ததும் வீட்டுக்குள் பிரேக்கரை அணைத்துவிட்டு, டிரெய்லருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிடு. சரிசெய்யும்வரை மாட்டாதே.

நான் ஏன் கம்பி அடிக்கச் சொன்னேன்? நம் வீட்டுக் கொல்லையில் கரியும் உப்பும் போட்டு எர்த் குழி எடுத்த பழக்கம். இங்கே நம் மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர் வைத்திருக்கிறோம், அதோடு சேர்ந்துதான் குழி காப்பாற்றுகிறது. உன் வீட்டுக் கொல்லையில் அடித்த கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே 25 ஓம் என்று வைத்துக்கொள், அதுவே நல்ல மண்ணாக இருந்தால்தான். 120-ஐ 25-ஆல் வகுத்தால் ஐந்து ஆம்பியர்கூட வராது. அதற்கெல்லாம் 15 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. தகரம் கரண்டிலேயே நிற்கும், நீங்கள் எர்த் போட்டாயிற்று என்று தைரியமாகத் தொடுவீர்கள். கசிந்த கரண்ட் மண் வழியாக இல்லாமல் ஒயர் வழியாகவே மெயின் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். அப்போதுதான் பெரிய கரண்ட் பாய்ந்து பிரேக்கர் உடனே விழும்.

அந்த ஒயர் எங்கே அறுந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வீடியோவில் மாப்பிள்ளை கேமராவைத் திருப்பும்போது சுவரில் சின்னதாக ஒரு சாம்பல் நிற அடாப்டர் தெரிந்தது. மூன்று பின்னை இரண்டு பின் ஓட்டையில் மாட்டுவதற்கான சமாச்சாரம். நம்மூரில் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு மாட்டுவார்களே, அதே வேலைதான். எர்த் பின்னுக்கு அங்கே வழியே இல்லை. உங்கள் வீடு பழசு, அந்தச் சுவருக்குள் எர்த் ஒயரே இல்லாமலும் இருக்கலாம். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு மூன்று ஒயர் இழுத்து, 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஜிஎஃப்சிஐ என்ற பாதுகாப்பு சுவிட்சை வைக்கச் சொல். டிரெய்லரின் 30 ஆம்பியர் பிளக்குக்கே தனி சாக்கெட் வைப்பதானால் அது 120 வோல்ட் என்று இரண்டு தடவை சொல். துணி உலர்த்தும் மிஷினுக்கான பிளக் என்று நினைத்து 240 கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கிறதெல்லாம் புகைந்துவிடும்.

எர்த் இல்லாதது பாதிதான். கசிவு ஒன்றும் எங்கேயோ இருக்கிறது. வாட்டர் ஹீட்டர் எலிமெண்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். பழைய சொந்தக்காரர் தண்ணீர் நிரப்பாமல் சுவிட்சைப் போட்டிருந்தால் எலிமெண்ட் வெடித்து, தண்ணீர் வழியாகத் தொட்டிக்குக் கரண்ட் கசியும். ஒயரைப் பிடுங்கி வைத்துக்கொண்டே இதையும் பார்: டிரெய்லர் ஒயர் நுனியில் உருண்டையான எர்த் பின்னிலிருந்து சேஸிஸுக்கு மீட்டரை ஓமில் வை. ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் டிரெய்லர் பெட்டிக்குள் யாரோ இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த இணைப்பு வீட்டு மெயினில் மட்டும்தான் இருக்க வேண்டும்.

ஒயர் நிறத்தில் ஏமாந்துவிடாதீர்கள். நம்மூர்ப் பழைய வயரிங்கில் கறுப்பு நியூட்ரல், அங்கே கறுப்புதான் ஃபேஸ். வெள்ளை அங்கே நியூட்ரல். ஆனால் வண்டியோடு மாட்டும் ஏழு பின் பிளக்கில் அதே வெள்ளைதான் சேஸிஸ் எர்த். வெள்ளைதானே என்று 120 வோல்ட் பக்கத்து வெள்ளையைச் சேஸிஸில் கட்டிவிட்டால் வேறு வினையே வேண்டாம்.

சரி, இனி லைட்டுக்கு வருகிறேன். இது என் தொழில்.

இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்குகிறது என்றார் மாப்பிள்ளை. பல்பை மாற்றினாராம், ஃபியூஸைப் பார்த்தாராம். பட்டறைக்கு இப்படித்தான் ஒரு டேங்கர் வந்தது. டிரைவர் மூன்று நாளில் பல்பு, ஃபிளாஷர், சுவிட்ச் எல்லாம் மாற்றியிருந்தார். கடைசியில் பார்த்தால் பாடி கட்டினவன் சேஸிஸுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் மேலேயே எர்த் போல்ட்டை முடுக்கியிருந்தான். ஒயர் நுனியில் போல்ட்டுக்காக மாட்டும் திம்பிளுக்குக் கீழே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட் பக்கத்து லைட்டின் ஃபிலமென்ட் வழியாக வழி தேடிக்கொள்ளும். அதனால்தான் சம்பந்தமில்லாத லைட் எரிகிறது.

வலது இண்டிகேட்டர் போட்டாலும் அப்படியா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். இடது பக்கம் மட்டும் என்றால் அந்த லைட்டின் எர்த்தோடு போயிற்று. இரண்டு பக்கமும் என்றால் ஏழு பின்னின் வெள்ளை ஒயர், அல்லது அது சேஸிஸில் முடுக்கிய இடம். மிச்சிகனில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அந்த இடத்தில் என்ன மிஞ்சியிருக்கும்!

மீட்டரை ஓமில் வைத்து இதைப் பார்க்க வேண்டாம். ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லும். வண்டியோடு மாட்டி, லைட்டை எரியவிட்டு, டிசி வோல்ட்டில் பார்க்க வேண்டும். ஒரு முனை கார் பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை டிரெய்லர் சேஸிஸில் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியும் இடத்தில். 0.1, 0.2 என்றால் பரவாயில்லை. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் அதுதான் திருடன். அப்புறம் முனையைப் பிளக், வெள்ளை ஒயர், போல்ட் என்று படிப்படியாக நகர்த்தினால் எங்கே குதிக்கிறது என்று தெரியும். கொக்கி உருண்டை வழியாக எர்த் கிடைக்கிறதே என்று விட்டுவிடாதே. கிரீஸும் துருவும் இருக்கிற இடம், குலுங்கினால் விட்டுப்போகும்.

போல்ட்டைக் கழற்றி, களிம்பு பிடித்த திம்பிளை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு கிரிம்ப் பண்ணு. இரும்பை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முடுக்கிய பிறகு மேலே பெயிண்ட் அடி. பெயிண்ட் கடைசியில்தான். லைட்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. எலக்ட்ரிக் பிரேக்கும் அதே வெள்ளை ஒயரில்தான் திரும்புகிறது. சக்கரத்துக்கு மூன்று ஆம்பியர், நாலு சக்கரத்துக்குப் பன்னிரண்டு. எர்த் மோசமென்றால் பிரேக்கும் மந்தம்.

மூன்று நம்பரை எழுதி அனுப்பு: சேஸிஸில் காட்டிய டிசி வோல்ட், எர்த் பின்னிலிருந்து சேஸிஸுக்கு எத்தனை ஓம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே என்ன காட்டிற்று. கழற்றிய பழைய திம்பிளைத் தூக்கிப் போடாமல் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எனக்குப் பார்க்க ஆசை. குட்டிக்குச் செருப்பு போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா