ஒளியும் ஒலியும் பட்டியலைப் பொதுவில் வையுங்கள்

பிரசார் பாரதியின் தலைமைச் செயல் அதிகாரி அவர்களுக்கும், சென்னை சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தூர்தர்ஷன் நிலைய இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் எந்த வெள்ளிக்கிழமை என்னென்ன பாட்டு போட்டீர்கள் என்ற பட்டியல் எங்களுக்கு வேண்டும். பாட்டு வேண்டாம். பாட்டு யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, கைப்பேசியில் கேட்டுக்கொள்கிறோம். தேதி, படம், பாடியவர், இசையமைத்தவர், எத்தனை நிமிடம் ஓடியது, இவ்வளவுதான். நிலையத்தில் டிரான்ஸ்மிஷன் எக்ஸிகியூட்டிவ்கள் கையால் எழுதிய கியூ ஷீட்டுகளும் (எதற்குப் பின் எது என்று ஒளிபரப்பு வரிசையைக் குறித்த தாள்கள்), டியூட்டி ரூம் லாக் புத்தகங்களும் (அன்றாடப் பதிவேடுகள்) எந்த பீரோவில் இருக்கின்றனவோ அங்கிருந்து அவற்றை எடுத்து, ஸ்கேன் செய்து, இணையத்தில் போட்டுவிடுங்கள்.

இதற்கு எதற்கு ஒரு திறந்த மடல், நேரே ஒரு தகவல் உரிமை மனு போட்டால் போயிற்றே என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைக்கலாம். மனுவுக்குப் பதில் வந்தால் எனக்கு மட்டும் வரும். இது நான் ஒருவன் வைத்துக்கொள்ள வேண்டிய சரக்கு இல்லை.

இந்த நாட்டில் அரசுக்கும் சினிமாப் பாட்டுக்கும் உள்ள உறவு என்றுமே கொஞ்சம் முறைப்பானதுதான். 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று முடிவு கட்டினார். அகில இந்திய வானொலியில் அது ஏறக்குறைய காணாமலே போனது. ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். இந்திப் பாட்டுக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, தமிழ்ப் பாட்டுக்கு இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை. பின்னாளில் அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்களைத் தமிழ்நாடு தன் வீட்டுக் குரல்களாக எடுத்துக்கொண்டதற்குக் கேஸ்கரின் முடிவும் ஒரு காரணம். 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் தில்லி தன் நேயர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி அந்தத் தவறைச் செய்யவில்லை. அதற்காக வாரி வழங்கவும் இல்லை. 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் சோதனை ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1972-இல் பம்பாய், 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னை. இந்திக்காரர்களுக்குச் சித்ரஹார், பம்பாய்க்காரர்களுக்குச் சாயா கீத், நமக்கு ஒளியும் ஒலியும். எல்லாமே ரேஷன் கடைச் சர்க்கரை மாதிரிதான். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் அளந்து போடுவார்கள். விளம்பரமும் அறிவிப்பும் போக ஐந்தாறு பாட்டு தேறினால் பெரிது.

தேசிய ஒளிபரப்பு வந்த பிறகு சித்ரமாலா என்று ஒன்று போட்டார்கள். பல மொழிப் பாட்டுகளின் கதம்பம். மராத்தி, வங்காளம், அசாமி, ஒடியா என்று வரிசையாக வரும். நம் பாட்டு வருமா என்று கடைசி நிமிடம்வரை உட்கார்ந்திருப்போம். வராத வாரமும் உண்டு. ஆனால் அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் குரலை என் அப்பா முதல்முதலாகக் கேட்டது தூர்தர்ஷனில்தான்.

இப்போது நான் கேட்கும் பட்டியலின் அருமைக்கு வருகிறேன். சென்னை நிலையம் தொடங்கியது 1975. சன் டிவி வந்தது 1993 ஏப்ரல் 14. இந்த இரண்டுக்கும் நடுவே, தமிழ்நாட்டில் சினிமாப் பாட்டை வீட்டில் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் உங்களை விட்டால் வழியில்லை. ஞாயிறு மாலைப் படத்தையும், வசதியுள்ளவர்கள் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் பார்த்ததையும் தனியாக வையுங்கள். அந்தக் கால அளவை இன்னொரு கணக்கோடு ஒட்டிப் பாருங்கள். நிலையம் தொடங்கிய மறுவருடம், 1976-இல், இளையராஜா திரைக்கு வருகிறார். உங்கள் தனிக்காட்டு ராஜ்ஜியம் முடிவதற்கு முந்தைய வருடம், 1992-இல், ஏ.ஆர்.ரஹ்மான் வருகிறார். தமிழ்த் திரையிசையின் ஒரு முழு யுகமும் அப்படியே உங்கள் நிலையத்தின் ஏகபோகக் காலத்துக்குள் அடங்குகிறது. ஒரு தற்செயல்தான், ஆனாலும் ஆராய்கிறவனுக்கு இதைவிட நல்ல தற்செயல் கிடைக்காது.

எந்தப் பாட்டு எவ்வளவு விற்றது என்பதற்கு நம்மிடம் நம்பகமான கணக்கு இல்லை. இசைத்தட்டுக் கணக்கு கம்பெனிகளோடு போயிற்று. கேசட் கணக்கு, கடைக்குக் கடை பதிவு செய்து கொடுத்த காலத்தில், யாரிடமும் இருந்திருக்க முடியாது. அதனால்தான் 80-களின் ரசனையைப் பற்றி இன்று யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் அடித்துவிடலாம் என்ற நிலை. எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டு எந்த வருடம் குறையத் தொடங்கியது? டி.எம்.சௌந்தரராஜன் குரல் எப்போது 'பழைய பாட்டு' வரிசைக்குப் போனது? மலேசியா வாசுதேவன் உண்மையிலேயே எவ்வளவு கேட்கப்பட்டார்? வாரா வாரம் உங்கள் ஒளிபரப்பு எட்டிய இடமெல்லாம் ஒரே நேரத்தில் பார்த்த அந்த அரை மணி நேரத்தின் பட்டியல் கிடைத்தால், இதில் பாதி சண்டை ஓய்ந்துவிடும். மீதிப் பாதி புதிதாகத் தொடங்கும், அதுவும் நல்லதுதான்.

இன்னொரு கேள்வியும் அந்தத் தாள்களுக்குள் இருக்கிறது. யார் தேர்ந்தெடுத்தார்கள்? வந்து குவிந்த பாட்டுகளில் எது வீட்டுக் கூடத்தில் போட ஏற்றது, எது ஏற்றதல்ல என்று எந்த விதிப்படி முடிவானது? தயாரிப்பாளர்கள் கொடுத்ததைப் போட்டார்களா, நிலையம் கேட்டு வாங்கியதா? கேஸ்கர் வெளிப்படையாகச் செய்ததை, பிற்பாடு ஓர் அறைக்குள் ஐந்தாறு பேர் ஓசையில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள் என்பது என் சந்தேகம். தவறென்று சொல்ல வரவில்லை. அந்த ஐந்தாறு பேரின் காதுதான் எங்கள் தலைமுறையின் காது என்பதால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

நிலையம் எழுதி வைத்ததோ இல்லையோ, நேயர்கள் எழுதி வைத்தார்கள். எங்கள் தெருவில் தையல் வேலை செய்த ஓர் அக்கா நாற்பது பக்க நோட்டில் வெள்ளிக்கிழமைப் பாட்டுகளைக் குறித்து வந்தார். அவர் வீட்டில் டயனோரா டிவிப் பெட்டி. பாட்டின் முதல் வரி, படம், ஆண் குரல், பெண் குரல் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள். கரண்ட் போன வாரம் 'க' என்று ஓர் எழுத்து. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை வந்தால் 'த'. புதுப் படப் பாட்டுக்குச் சிவப்பு மை. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி. தலைவர்கள் இறந்தால் தூர்தர்ஷன் பாட்டு, கூத்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோக வாத்தியம் போடும் என்பது தெரிந்ததுதானே. நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே நான்கு கட்டத்தையும் சேர்த்து ஒரே வரி: 'வாத்தியார் இல்லை. வீணை.' அவருக்கு அடுத்த வாரம் மறுபடி பாட்டு எழுத மனம் வந்ததா என்றால், வந்திருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் சிவப்பு மை.

ஒரு தையற்காரர் செய்ததை நிலையம் செய்யாமல் இருந்திருக்காது என்று நம்புகிறேன். உரிமைத் தொகைக் கணக்குக்காகவாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டாம். பட்டியலுக்குப் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. அது யாருடைய பாட்டையும் ஒலிக்க வைப்பதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையோடு வைத்திருக்க வேண்டும் என்று பொது அமைப்புகளுக்குச் சொல்கிறது. அதோடு, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஓர் ஒளிபரப்பின் மேல் உள்ள உரிமை 25 ஆண்டுகள்தான். நான் பேசும் காலத்து ஒளிபரப்புகளுக்கு அது முடிந்தேவிட்டது. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் 60 ஆண்டு, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் என்பது தனிக் கணக்கு. அதனால்தான் பாட்டைக் கேட்கவில்லை.

ஆனால் நீங்களே தயாரித்தவை உண்டே? மெல்லிசை என்ற பெயரில் நிலையத்துக்கு வந்து பாடியவர்கள், வானொலியின் குரல் தேர்வில் தேறி பி, பி-ஹை, ஏ என்று தரம் வாங்கியவர்கள். சினிமாவில் ஒரு வாய்ப்பும் கிடைக்காமல், உங்கள் கேமரா முன் மட்டும் பாடிவிட்டுப் போனவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பெரிய வித்வான்களின் கச்சேரிகளைக் குறுந்தகடாக வெளியிட்டீர்கள், கைகூப்பி நன்றி. மெல்லிசைக்காரர்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு கடையிலும் நான் பார்த்ததில்லை, இணையத்திலும் பார்த்ததில்லை. அழியாமல் மிஞ்சிய டேப் ஏதாவது இருந்தால், சம்பந்தப்பட்டவர்களிடம் அல்லது அவர்கள் வீட்டாரிடம் ஒப்புதல் வாங்கி, முதலில் அதை வெளியிடுங்கள்.

'அழியாமல் மிஞ்சிய' என்றது குத்திக்காட்ட அல்ல. டேப் விலை அதிகமாக இருந்த காலத்தில் பழையதன் மேலேயே புதியதைப் பதிவு செய்வது உலகம் முழுக்க நடந்த கதை. பிபிசியே செய்தது. அவர்களுடைய 'டாப் ஆஃப் த பாப்ஸ்' என்ற பாப் பாட்டு நிகழ்ச்சி 1964 ஜனவரி 1-இல் தொடங்கி 2006 வரை வாரா வாரம் வந்தது. அதன் ஆரம்பகால நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அழிக்கப்பட்டுவிட்டது. 1966 ஜூன் 16-இல் பீட்டில்ஸ் அதில் நேரடியாகத் தோன்றியதும் போயே போய்விட்டது. 2019-இல் அதிலிருந்து 11 நொடி கிடைத்தது. அதுவும் எப்படி? யாரோ ஒரு வீட்டில் டிவிப் பெட்டிக்கு எதிரே 8 மி.மீ. கேமராவைப் பிடித்து எடுத்த, சத்தமில்லாத படச்சுருள். அந்த 11 நொடி அங்கே செய்தியானது. மிஞ்சியதையாவது காட்டுவோம் என்று 2011 முதல் பிபிசி ஃபோர், 1976-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளிலிருந்து தொடங்கி வரிசையாக மறு ஒளிபரப்பு செய்தது.

நம் ஊரிலும் வீடியோ டெக்கில் பதிவு செய்தவர்கள் இருப்பார்கள். டேப் ரிக்கார்டரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து, 'யாரும் பேசக் கூடாது' என்று வீட்டை அதட்டி ஒலியை மட்டும் பிடித்தவர்கள் இன்னும் அதிகம். அந்த கேசட்டுகளில் குக்கர் விசிலும் அறிவிப்பாளர் குரலும் சேர்ந்தே கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். ஒரு காலத்தில் 'எதிரொலி' வைத்து எங்கள் கடிதங்களைப் படித்தவர்கள்தானே நீங்கள். அதே பெயரில் ஓர் அறிவிப்பு போட்டாலே போதும், கேசட்டுகள் மூட்டையாக வந்து இறங்கும். தென்மாவட்டக்காரர்களிடமும் மறக்காமல் கேளுங்கள். கொடைக்கானல் மலையில் கோபுரம் எழும்புவதற்கு முன் கடலோரத்தில் பலர் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சென்னை நிலையம் அவர்களுக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பதும் இந்த வரலாற்றில் ஓர் அத்தியாயம்.

2024 ஜனவரியில் உங்கள் பொதிகை சேனல், டிடி தமிழ் ஆனது. அதே ஆண்டு நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற ஓடிடி தளத்தையும் தொடங்கினீர்கள். பழைய தொடர்களை அதில் ஏற்ற முடிகிறதென்றால் சில ஆயிரம் தாள்களை ஏற்றுவது பெரிய காரியமில்லை. ஆள் பற்றாக்குறை என்றால், எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், சம்பளம் வேண்டாம். அந்தக் கையெழுத்துகளை அடையாளம் காட்டக்கூடிய ஓய்வுபெற்ற ஊழியர்களை மட்டும் சீக்கிரம் கூப்பிட்டு உட்கார வையுங்கள், அவர்களுக்கும் வயதாகிறது.

முழுவதையும் ஒரேயடியாக வெளியிட வேண்டும் என்றுகூட இல்லை. 1987-ஆம் ஆண்டு லாக் புத்தகம் ஒன்றை முதலில் போடுங்கள். அக்காவின் நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கே தவறியிருக்கிறது என்று ஒரு மாதத்துக்குள் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை நேயர்களில் ஒருவன்