உருளைக்கிழங்கு வெறும் மாவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், "உருளைக்கிழங்கு வெறும் மாவு, வயிற்றை அடைக்குமே தவிர உடம்புக்கு ஒன்றும் தராது" என்று ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையில் மற்றபடி எனக்குச் சண்டை இல்லை. சர்க்கரை உள்ளவர்கள் அளவாகச் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தது சரிதான். என் மனைவிக்கும் டாக்டர் அதையே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஒரு வரி பத்து நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

என் அக்கா மகள் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை ஒரு தாய் உங்கள் பக்கத்தை நான்காக மடித்து எடுத்துவந்து, "இதையா எங்க பிள்ளைங்களுக்குப் போடுறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அவர் மகன் அன்று கிழங்கைத் தொடவே இல்லையாம். சாயங்காலம் அவள் என்னிடம் வந்து, "மாமா, அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். நாற்பத்தைந்து வருடமாக இந்தக் கிழங்கை விளைவிப்பவன் நான். பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

1965, 66-ல் அரிசி கிடைக்காமல் ஊரே தவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் ஆறு பிள்ளைகள். அம்மா கிழங்கைத் தோலோடு வேகவைத்து, அவரைக்கொட்டை சேர்த்து, உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து ஆளுக்கு ஒரு கிண்ணம் தருவாள். அதைத் தின்றுவிட்டுத்தான் மூன்று மைல் மேட்டில் ஏறிப் பள்ளிக்கூடம் போனோம். ஆறு பேரும் பிழைத்தோம், படித்தோம். உடம்புக்கு ஒன்றும் தராத பண்டத்தைத் தின்றவர்கள் அந்த மேட்டை ஏறியிருக்க முடியுமா, ஐயா?

வேகவைத்த 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 85 கலோரிதான் இருக்கிறது. கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. பொட்டாசியம் இருக்கிறது, வைட்டமின் சி இருக்கிறது. மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளை, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயிலிருந்து காத்த உணவுகளில் இதுவும் ஒன்று. அதே கிழங்கைச் சீவி எண்ணெயில் போட்டு எடுத்தால் 100 கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டிவிடும். நீங்கள் கட்டுரைக்குப் போட்ட படம் அந்தச் சிப்ஸ்தான். எண்ணெய் செய்த குற்றத்துக்குக் கிழங்கைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் அடுத்தபடியாக மனிதர்கள் நேரடியாக அதிகம் உண்ணும் பயிர் இதுதான் என்பது நீங்கள் அறியாததல்ல. உலகத்தில் ஆண்டுக்கு 37 கோடி டன்னுக்கு மேல் விளைகிறது. அதிகம் விளைவிக்கும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்தது நம் இந்தியா. மூன்று நான்கு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ஒரே அளவு தண்ணீரில் தானியங்களைவிட அதிக உணவைத் தரும். ஐ.நா. சபை 2008-ஐ உருளைக்கிழங்கு ஆண்டாக அறிவித்தது. இப்போது ஒவ்வொரு மே 30-ஐயும் உருளைக்கிழங்கு தினமாக வைத்திருக்கிறது. 2024-ல் அந்த முதல் தினத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அந்த வாரம் ஐஸ்கிரீம் வகைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அன்று பொறுத்துக்கொண்டேன்.

அதற்கும் முன்னால் ஒரு கட்டுரையில், அயர்லாந்துக்காரர்கள் "உருளைக்கிழங்கை நம்பி அழிந்தார்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 1845-ல் அங்கே வந்த கருகல் நோய்தான் எங்கள் வயலுக்கும் ஜூலை மூடுபனியில் வருகிறது. நேற்றுப் பச்சையாக இருந்த இலை இன்று வெந்ததுபோல் கறுத்துக் கிடக்கும். காலையில் வயலுக்குள் இறங்கினால் அழுகல் வாடை அடிக்கும். எங்களுக்கு மருந்து இருக்கிறது, நோயைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. அவர்களிடம் இரண்டும் இல்லை. நல்ல நிலமெல்லாம் ஜமீன்தார்கள் கையில் இருக்க, மிஞ்சிய துண்டு நிலத்தில் குடும்பத்துக்குச் சோறு போடக்கூடியதாக அவர்களுக்கு வாய்த்தது இந்த ஒரு பயிர்தான். அதிலும் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகம். அந்தப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அந்த வருடங்களிலும் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. பட்டினி போட்டவர்களை விட்டுவிட்டுக் கிழங்கின்மேல் பழி போடுவது நியாயமா?

இந்தப் பயிரை மனிதனுக்குக் கொடுத்தவர்கள் பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டிஸ் மலைக்காரர்கள். ஏழாயிரம், எட்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கதை. இரவில் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகல் வெயிலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, சுனோ என்று வற்றலாக்கி வருடக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரிலும் ஜனவரியில் உறைபனி விழும். எங்களுக்கு அது பயிரைக் கொல்லும் எமன். அதே பனியைக் கொண்டு உணவைக் காப்பாற்றினார்களே அந்த மக்கள்! அவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. எங்கள் நீலகிரி மலைக்காரர்கள் பட்டதையும் ஒருநாள் எழுதுங்கள். 1961-ல் ஊட்டி விஜயநகரத்தில், கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு என்ற நுண்புழு கண்டுபிடிக்கப்பட்டது. ஒருமுறை மண்ணில் இறங்கினால் அதன் முட்டைக்கூடு இருபது வருடம்கூடச் சாகாமல் கிடக்கும். எங்கள் விதைக்கிழங்கு வெளிமாநிலம் போக முடியாமல் போனது. அப்பா கார்போக விளைச்சலில் போட்ட பணத்தை அடுத்து வந்த கடைபோகத்தில் தேடிக்கொண்டிருந்தார். அதைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகம் 1985-ல் வரும்வரை எத்தனை பேர் கிழங்கை விட்டுவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள் தெரியுமா? நாங்கள் போகவில்லை.

விலை ஏறினால் "ஊட்டி உருளைக்கிழங்கு விலை உயர்வு, இல்லத்தரசிகள் கவலை" என்று தலைப்புப் போடுகிறீர்கள். மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டைக்குக் கிடைத்த பணம் பறிகூலிக்கும் லாரி வாடகைக்கும் சரியாகப் போய், பேருந்துக் கட்டணத்தைக் கையிலிருந்து கொடுத்து நான் வீடு திரும்பிய நாளில் உங்கள் நிருபர் யாரும் அங்கே இல்லை. சமையல் பக்கத்திலோ வாரம் தவறாமல் உருளைக்கிழங்கு இருக்கிறது. தோலைச் சீவி எறியச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் எழுதுகிறார்கள். பச்சை பூத்த கிழங்கையும் முளைவிட்ட கிழங்கையும் சமைக்க வேண்டாம் என்று ஒருமுறையாவது எழுதினால் வாசகர்களுக்குப் பயன்படும்.

முப்பது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். என் பேத்திக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் இந்த இதழை வைத்துத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது இரண்டு வரித் திருத்தம். வேகவைத்த உருளைக்கிழங்கு சத்துள்ள உணவு, பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று அதே நலவாழ்வுப் பக்கத்தில் போடுங்கள். போன முறை என் கடிதத்தைப் பாதியாக வெட்டி, நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டீர்கள். இந்த முறை இடம் போதாவிட்டால் கடிதத்தை விட்டுவிடுங்கள், திருத்தத்தை மட்டும் போடுங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்கு முந்தைய இதழில் வந்துவிட்டால், அக்கா மகள் அதை எடுத்துப்போய் அந்தத் தாயிடம் காட்டுவாள்.

இப்படிக்கு,
உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர்,
உதகமண்டலம் வட்டம், நீலகிரி.