பெரியவனுக்கு நான் எழுதப் போவதில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

இங்கே குளிர் மைனஸ் 22 டிகிரி. மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைக்கிறது. நாலு மணிக்கே இருட்டு. கீழ்வீட்டுத் தாத்தா இதிலும் விடியுமுன் எழுந்து, சின்ன மண்வாரியால் வாசல் பனியை அள்ளுகிறார். உப்பைத் தூவிவிடுங்கள், சுலபமாக இருக்கும் என்றேன். இவ்வளவு குளிரில் உப்புக்குப் பனி உருகாதாம், வழுக்காமல் இருக்க மணல்தான் போடவேண்டுமாம். போன மாதம் ஒருநாள் அவர் எழுமுன் நானே எல்லாவற்றையும் அள்ளிவிட்டேன். கதவைத் திறந்தவர் வாசலைப் பார்த்தார், கையிலிருந்த மண்வாரியைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனவர் அன்று முழுக்க ஜன்னல் திரையை விலக்கவே இல்லை. அந்த அரைமணி வேலைக்காகத்தான் மனுஷர் தினமும் எழுந்திருக்கிறார் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இப்போது நான் தொடுவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிறேன், வழுக்கி விழுந்தால் ஓட.

சரி, பெரியவன் விஷயம். படிப்பைப் பாதியில் விட்டுத் தச்சுப் பட்டறைக்குப் போகிறேன் என்கிறான், மாமா சொன்னால் கேட்பான், நாலு வார்த்தை எழுது என்கிறாய். கேட்பான் அக்கா, அதுதான் எனக்குப் பயம். முடிவு என்னுடையதாக இருக்கும், காலம் முழுக்கச் சுமக்கிறவன் அவனாக இருப்பான். எழுதினால் ஒன்றுதான் கேட்பேன்: இதுவரை மரத்தில் என்ன செய்திருக்கிறாய், எனக்குச் சொல் என்று.

நான் கிளம்பியபோது அப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. நீதான் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "போய்ப் பாருடா, பிடிக்கலைன்னா வா" என்றாய். அந்தக் கயிறு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று பஸ்ஸில் பின்னால் யாரோ உன்னைப் போலவே இருமினார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்புறம் இறங்கவேண்டிய இடம் போனதே தெரியவில்லை.

வேலை நன்றாகத்தான் போகிறது. ஷிப்டைக் குறைத்திருக்கிறார்கள், ஓய்வு கிடைக்கிறது. இந்த மாதப் பணம் மட்டும் இரண்டு வாரம் பிந்தும், அத்தானிடம் சொல்லிவிடு.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதே, கண்ணைக் கசக்கவும் விடாதே. வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டுமென்றால் தபாலில் அனுப்பு. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதா? அதைப் பற்றி நீ எழுதவே இல்லையே.

அன்புடன்,
தம்பி