நெட்பால் பெண்ணும் உன் இடது காதும்

டர்பன்,
பிப்ரவரி, ஞாயிறு இரவு

மாப்ளே,

திட்டாதே. உன் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, போனை எடுக்கவில்லை, பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பதில்கூடப் போடவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் பங்குத் தாம்பூலப் பையையும் பல்லியே தூக்கிக்கொண்டு போய்விட்டானாமே, அந்தத் தண்டனை எனக்குப் போதும். இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பையன் கேப்டவுனில் வேலை பார்க்கிறான். இவள் உன் வீட்டுக்காரியிடம் தனியாகப் பேசிக்கொள்வாள். நான் இங்கே பன்னி தின்கிறேன் என்று அம்மாவிடம் இன்னுமா சொல்லிக்கொண்டிருக்கிறாய்? ரொட்டியைக் குடைந்து உள்ளே பீன்ஸ் குழம்பு ஊற்றித் தருவதற்கு இந்த ஊரில் அந்தப் பெயர் வைத்தது நானில்லை என்று ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லித் தொலை. பாவம், அவர்கள் என்னை நினைத்து வெள்ளிக்கிழமை விளக்கு வேறு போடுகிறார்களாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமைக்குள் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. இங்கே யாரிடம் சொன்னாலும் "இதுக்கா?" என்பார்கள். உனக்குப் புரியும். அதோடு, உனக்குத்தான் சொல்லியாக வேண்டும். ஏன் என்று பின்னால் வரும்.

கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு என்னை மேலாளர் ஆக்கிவிட்டார்கள். புள்ளியியல் வாத்தியாருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். துறைக் கூட்டத்தில் சோம்பல் முறித்தேன், கை மேலே போனதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். இங்கே கல்லூரி தொடங்குவதே பிப்ரவரியில்தான், நல்ல புழுக்கத்தில். உள்ளரங்கத்தை முதலாண்டுச் சேர்க்கை வரிசைக்குக் கொடுத்துவிட்டதால் பழைய சிமெண்ட் கோர்ட்டில் தேர்வு நடந்தது. சுற்றிலும் குரங்கு. முதல் நாளே ஒன்று கோச்சின் பையைத் திறந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போர்டு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஆட்சேபம் சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அணிக்கு 12 பேர். பழைய ஆட்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். மீதி ஐந்து இடத்துக்கு முதலாண்டுப் பெண்கள் 24 பேர் வந்தார்கள். கோச் ஜோகன்னஸ்பர்க் பையன், நல்லவன், உழைப்பாளி. உயரம், ஓட்டம், பந்துக் கட்டுப்பாடு, ஷூட்டிங், கவனம் என்று ஐந்து கட்டம் போட்டு ஒரு தாள் தயாரித்தான். கடைசி இரண்டு கட்டமும் என் பொறுப்பு. நானும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன், நம்ம கல்லூரிக் கூடைப்பந்து சார் உட்காருவாரே, காலை அகட்டி, அதே மாதிரி.

ஷூட்டிங்குக்கு ஆளுக்கு 20 ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று வளையத்தில் போடுவது. இப்போது சொல்வதைக் கேட்டுச் சிரி. ஒரு காசை 20 தடவை சுண்டினால் 13 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பதின்மூன்று. அதாவது, இரண்டுக்கு ஒன்று போடுகிற 24 பேரை வரிசையாக நிறுத்தினால், அதில் சுமார் மூன்று பேர் வெறும் அதிர்ஷ்டத்திலேயே 13 அல்லது அதற்கு மேல் போட்டு மார்தட்டுவார்கள். இன்னொரு மூன்று பேர் 7-ஐத் தாண்டாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார்கள். ஆறு பேருக்கும் கை ஒன்றுதான். வருஷா வருஷம் இதை வகுப்பில் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். மைதானத்தில் 7 போட்ட ஒரு பெண்ணுக்கு யோசிக்காமல் மூன்று மார்க் போட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூலு இனத்துப் பெண், இந்த மாகாணத்தின் வடக்கே நொங்கோமா பக்கம் ஏதோ கிராமம். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து வளையமே கிடையாது, இருந்தது நெட்பால் மட்டும். நீ நெட்பால் பார்த்திருக்க மாட்டாய். வளையம் அதே 3.05 மீட்டர் உயரம், ஆனால் பின்னால் போர்டு இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக் கூடாது. கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குள் பாஸ் போட்டுவிட வேண்டும். எதிராளியை மறிக்கிறவள் மூன்று அடி தள்ளித்தான் நிற்க வேண்டும். ஏழு பேரில் இரண்டே பேர்தான் வளையத்தில் போடலாம். இவள் ஆடியது சென்டர், சென்டர் ஆடுகிறவள் வளையத்துக்கு முன்னால் இருக்கிற அரைவட்டத்துக்குள் காலே வைக்கக் கூடாது. ஆக, பத்து வருஷம் ஆடியும் ஒரு மேட்சில்கூட வளையத்தைப் பார்த்துப் பந்து போடாத பெண் அன்றைக்கு 20-க்கு 7 போட்டிருக்கிறாள்! எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. கேட்கவும் இல்லை.

கோச்சுக்குப் பிடித்தவள் வேறு ஒருத்தி. 1.88 மீட்டர், பெரிய தனியார் பள்ளி, பத்து வயதிலிருந்து பயிற்சி. 14 போட்டாள், ஸ்டெப் சுத்தம், பேச்சும் சுத்தம். அவளை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவள் எட்டு வருஷப் பயிற்சியைக் காட்டுகிறாள், இவள் இரண்டு வாரத்தைக் காட்டுகிறாள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எடை போட்டோம்.

சார் சொல்வாரே, விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று. நீ வயல்காரன், சொல்லு. நாற்றங்காலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது சாருக்குத் தெரிந்திருக்குமா? உங்கள் அப்பாவே குனிந்து இலையடியைத் தடவிப் பார்த்துத்தானே பிடுங்குவார்?

மார்ச் வந்தால் நான் விடிகாலை இரண்டு மணிக்கு எழுந்து அமெரிக்கக் கல்லூரி மேட்ச் பார்க்கிற பைத்தியம் என்று உனக்குத் தெரியும். அங்கே ஆள் பொறுக்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கே சறுக்குகிறது. ஸ்டீவ் நாஷ் பிறந்தது இதே ஜோகன்னஸ்பர்க்கில். (இந்த ஊர்க்காரர்கள் விடாமல் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். குழந்தையாக இருக்கும்போதே கனடாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வோம்.) அவனுக்கு உதவித்தொகை கொடுக்க முன்வந்தது ஒரே ஒரு கல்லூரி, சாண்டா கிளாரா. முதல் வருஷமே, 1993-இல், பெரிய அணியான அரிசோனாவுடன் கடைசி அரை நிமிஷத்தில் வரிசையாக ஆறு ஃப்ரீ த்ரோ போட்டான். 2005, 2006 இரண்டு வருஷமும் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரன் அவன்தான். பின்னால் என்பிஏ நட்சத்திரமான ஸ்டெஃப் கரியை எடுத்துக்கொள். 2006-இல் டேவிட்சன் கல்லூரிக்கு முதல் மேட்ச், 13 டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் விட்டது. பதின்மூன்று! நம்ம சாராக இருந்தால் பாதி மேட்சிலேயே பஸ் ஏற்றியிருப்பார். அடுத்த மேட்சிலும் கோச் அவனை இறக்கினார், மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி.

சரி, இதெல்லாம் பெரிய இடத்துக் கதை. போன சனிக்கிழமை எங்கள் கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டோம். நொங்கோமாப் பெண்ணுக்கு ஒன்பது டர்ன்ஓவர். கோச் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான், நானும் எழுதிக்கொண்டேன். ராத்திரி சும்மா இருக்க முடியாமல் போனில் எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். ஒரு இடத்தில் பந்து உயரமாக வருகிறது. இவள் எம்பிப் பிடிக்கிறாள், இறங்கும்போதே கால் தரையில் ஆணி அடித்தது போல நிற்கிறது. உடம்பு ஒரு பக்கம் திரும்புகிறது, பந்து இன்னொரு பக்கம் போகிறது. போனது எங்கே தெரியுமா? போர்டுக்குக் கீழே ஆளே இல்லாத இடத்தில் தனியாக நின்றவளின் நெஞ்சுக்கு நேராக. அவள் தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். பந்து கையில் பட்டு வெளியே ஓடியது. யார் பெயரில் டர்ன்ஓவர்? இவள் பெயரில். எழுதியது நான். ஒன்பதையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஆறு அப்படித்தான், சரியான பாஸ், வாங்குகிறவளுக்குத்தான் வரும் என்ற நினைப்பே இல்லை. மீதி மூன்றும் இவள் தப்பு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது சுத்தமாக வராது, அது உண்மை. தடுக்கும்போது இன்னும் மூன்று அடி தள்ளியே நிற்கிறாள், ஆள் சுகமாகக் கடந்துபோகிறார்கள், அதுவும் உண்மை. ஆனால் அது பழக்கம், மாறும். மற்றதைச் சொல்லிக்கொடுக்க யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்தக் கவனக் கட்டம். கோச் பேசும்போது மற்ற பெண்கள் அவன் முகத்தையே பார்ப்பார்கள். இவள் தரையைப் பார்ப்பாள். நான் திருத்திச் சொன்னபோதும் அப்படியே. 'ஆர்வமில்லை' என்று கோச் சொன்னான். நான் பத்துக்கு இரண்டு போட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டு ஆயா டின் மீன் குழம்பு கொண்டுவந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், தைப்பூசத்துக்கு இந்த வருஷமும் காவடிக்குப் பின்னால் முழுத் தூரமும் நடந்தார்கள். அப்பா காய்கறித் தோட்டம் வைத்திருந்தாராம், ஜூலுப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்ததால் தமிழைவிட ஜூலு சரளமாக வரும். பேச்சுவாக்கில் இந்தப் பெண் விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "தம்பி, அவங்கள்ல பெரியவங்க பேசும்போது மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. அந்தப் பிள்ளை மரியாதையா நிக்குது. பாடம் சொல்ற ஆளு, இது தெரியாம எத்தன வருஷம் இங்க இருக்க?"

பத்தொன்பது வருஷம். சோறு இறங்கவில்லை.

மாப்ளே, இதை எழுதும்போது எனக்கு அந்தப் பெண் முகம் வரவில்லை. உன் முகம் வருகிறது. முதல் வருஷத் தேர்வில் சார் கத்திக்கொண்டிருக்கிறார், நீ தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சம்பந்தமில்லாதவன் போல நிற்கிறாய். அவர் "திமிர் பிடிச்சவன்" என்றார். மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் ரூம்மேட் தானே, என்னடா அவனுக்கு?" என்று கேட்டார். ஒரு மாதமாக ஒரே அறை. உன் இடது காது கேட்காத விஷயம் எனக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் எந்தக் காதை வைத்துப் படுப்பாய் என்றுகூடத் தெரியும். "தெரியலை சார்" என்றேன். மீதி இருந்தது ஒரே இடம், நமக்கு இரண்டு பேருக்கும் நடுவில். இவ்வளவுதான். இதை முப்பது வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை. உன் கல்யாணத்தில் குடித்துவிட்டுச் சொல்ல வந்தேன், கொக்கு அழுகிறான் என்று எல்லாரும் சிரித்தீர்கள்.

அமெரிக்காவில் 1972 வரை முதலாண்டுப் பிள்ளைகளைப் பெரிய அணியில் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தது. தனி அணி கட்டி ஒரு வருஷம் ஆடவிடுவார்கள். பின்னால் என்பிஏவில் பெரிய ஆளான அப்துல் ஜப்பார், அப்போது அவர் பெயர் ல்யூ அல்சிண்டர், 1965-இல் அப்படி முதலாண்டு அணியில் ஆடி, நாட்டுக்கே சாம்பியனாக இருந்த தன் கல்லூரியின் சீனியர்களையே 75-60 என்று தோற்கடித்தார். முன்பெல்லாம் இதை வேடிக்கையாகச் சொல்வேன். நீ வெளியே இருந்த அந்த வருஷத்தில் உனக்கு அப்படி ஒரு அணிகூட இல்லை. தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டாய். நான் அந்தப் பந்தை வாங்கிக்கொண்டேன்.

நாளைக்குக் கோச்சிடம் வீடியோவைக் காட்டப் போகிறேன். ஒப்புக்கொள்வான் என்று தோன்றவில்லை. ஐந்தாவது இடத்துக்கு அவன் மனதில் வேறு பெண் இருக்கிறாள், அவளும் மோசமில்லை, அதுதான் சங்கடம். என் இரண்டு கட்டத்தையும் அடித்து வேறு மார்க் போட்டால், 'எதற்காகத் திருத்தினீர்கள்' என்று கேட்பான். ஆயா சொன்னார்கள் என்று எழுத முடியுமா? எழுதத்தான் போகிறேன்.

நீ எனக்கு ஒன்று எழுது. இரண்டாம் வருஷம் சார் திடீரென்று உன்னை இடது பக்கம் நிறுத்தி, எப்போதும் உன் வலது பக்கமாக வந்து பேச ஆரம்பித்தாரே, அவருக்கு யார் சொன்னது? நீயே சொன்னாயா, அவராகவே கண்டுபிடித்தாரா? அவராகக் கண்டுபிடித்தார் என்றால், எதைப் பார்த்து? வியாழனுக்குள் பதில் போடு. என்னைத் திட்டுவதாக இருந்தால் அதற்குத் தனிக் கடிதம் எழுது, அவசரமில்லை.

கொக்கு

பி.கு.: இதை முடித்துவிட்டு வீடியோவை இன்னொரு தடவை பார்த்தேன். அந்த ஆறு பாஸும் இடது கை. பெண் இடது கைக்காரி! பந்து தட்டுவதையும் ஃப்ரீ த்ரோவையும் வரிசையில் முன்னால் நின்றவளைப் பார்த்து வலது கையால் செய்திருக்கிறாள். இரண்டு வாரம், வாயைத் திறக்கவில்லை.