எல்பி ஊசி கேட்டேன், 78 ஊசி வந்தது: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வாடிக்கையாளர் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ரெக்கோர்ட் பிளேயரில் ஊசியைத் தாங்கி ஒலியை எடுக்கிற ஷூர் எம்75ஈஜே டைப் 2 கார்ட்ரிஜ்ஜுக்கான ஒரிஜினல் ஊசி என்று நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்து 9,500 ரூபா கட்டி வாங்கினேன், ஹட்டனுக்குப் பதிவுத் தபாலில் ஒழுங்காகவே வந்து சேர்ந்தது. பெட்டியில் அந்த ஊசியின் பெயரான என்75ஈஜே என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது நீண்ட நேரம் பாடுகிற எல்பி தட்டுக்கான அந்த ஊசி இல்லை, நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய 78 தட்டுக்கான ஊசி. இதைத் தொலைபேசியில் சொன்னதற்கு உங்கள் ஊழியர், "கார்ட்ரிஜ்ஜில் ஏறுகிறதுதானே, அப்படியென்றால் சரியான ஊசிதான், பெட்டியைத் திறந்த பிறகு திருப்பி எடுக்கமாட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

ஏறும், ஏன் ஏறாது? எம்75 வரிசை ஊசிகள் எல்லாமே ஒரே கார்ட்ரிஜ்ஜில் மாற்றிப் போடுகிற மாதிரிதான் செய்யப்பட்டவை. அதே வரிசையில் 78 தட்டுக்கென்றே என்75-3 என்று ஒன்று இருந்தது, அதுவும் இதே இடத்தில்தான் போய் உட்காரும். ஊசி விற்கிற நீங்கள் பார்க்க வேண்டியது பிளாஸ்டிக் பிடி பொருந்துகிறதா என்பதை மட்டுமல்ல, நுனி எந்தத் தட்டுக்கானது என்பதையும்தான். 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கான நுனியின் ஆரம் ஏறக்குறைய 65 மைக்ரோன். எல்பிக்குரிய சாதாரண உருண்டை நுனி 18 மைக்ரோன் அளவுதான், நான் கேட்ட ஈஜே அதைவிட நுணுக்கமாக நீள்வட்டத்தில் தீட்டியது. அவ்வளவு பெரிய நுனி எல்பியின் பள்ளத்துக்குள் இறங்கவே இறங்காது, மேல் விளிம்பைச் சுரண்டிக்கொண்டு போகும். எனக்கும் அதுதான் நடந்தது. வைத்த உடனே இரைச்சல், பாட்டு எங்கோ தூரத்தில் கேட்கிறது, ஊசி தட்டின் குறுக்கே வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உடனே தூக்கிவிட்டேன், ஆனாலும் அந்தத் தட்டின் முதல் பாட்டில் முன்பு இல்லாத கரகரப்பு இப்போது இருக்கிறது. டவுனில் கடிகாரம் பழுதுபார்க்கிற அண்ணன் தன் பூதக்கண்ணாடியை வைத்து பழைய ஊசியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார், வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

அப்புறம், "ஊசி தட்டை அழுத்துகிற எடையைக் கூட்டி வைத்துப் பாருங்கள், சரியாகும்" என்றும் உங்கள் ஊழியர் சொன்னார். ஈஜே ஊசிக்கு ஒன்றரை கிராமிலிருந்து மூன்று கிராம் வரைதான், நான் இரண்டு கிராமில் வைத்திருக்கிறேன். தப்பான நுனியை இன்னும் அழுத்தினால் தட்டுதான் நாசமாகும். இந்த யோசனையை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள்.

என்னுடைய இந்த காராட் எஸ்பி25 ரெக்கோர்ட் பிளேயர், 1975-இல் தோட்டங்களை அரசு எடுத்த நேரம் ஊருக்குப் புறப்பட்ட ஒரு துரையிடமிருந்து அப்பா வாங்கியது. அப்பா தோட்டத்தில் கிளாக்கர், அவருடைய சம்பளத்துக்கு அது பெரிய காசு. தட்டுகளில் பாதிக்கு மேல் கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்திய எச்.எம்.வி. தட்டுகள். இங்கே அடிக்கிற ஈரத்துக்கும் பனிக்கும் உறையெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும், வருசா வருசம் துடைத்துக் காயவைத்துத்தான் இதுவரை காப்பாற்றி வைத்திருக்கிறோம். கெட்டுப்போனால் திரும்ப எங்கே போய் வாங்குவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஷூர் கம்பெனி 2018-இலேயே கார்ட்ரிஜ்ஜும் ஊசியும் செய்வதை நிறுத்திவிட்டது. அப்படியானால் நீங்கள் ஒரிஜினல் என்று விற்பது பழைய இருப்பா, வேறு யாரோ செய்த நகலா? நகல் விற்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை, ஜப்பானில் ஜிகோ செய்கிற மாற்று ஊசிகள் அருமையானவை, அவர்கள் தங்கள் பெயரைப் போட்டே விற்கிறார்கள். பழைய இருப்பு என்றால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே இருக்கிற ரப்பர் வருசக் கணக்கில் இறுகிப்போயிருக்கலாம். இந்த வகைக் கார்ட்ரிஜ்ஜில் காந்தமே ஊசியோடுதான் இருக்கிறது, மற்ற உடம்பில் இருப்பது கம்பிச் சுருள். ஆகவே ஊசி மோசமென்றால் கார்ட்ரிஜ் நல்லதாக இருந்தும் பிரயோசனமில்லை.

எனக்கு வேண்டியது இதுதான்: 9,500 ரூபாவையும் நான் இதைத் திருப்பி அனுப்புகிற தபால் செலவையும் கொடுங்கள். அல்லது உண்மையான ஈஜே நீள்வட்ட ஊசி உங்களிடம் இருந்தால், நுனியைப் பெரிதாக்கிப் படமெடுத்து முதலில் எனக்கு அனுப்புங்கள், சரியென்றால் மாற்றிக்கொள்கிறேன். விளம்பரத்திலும் நுனியின் வகை, அளவு, எத்தனை கிராம், யார் செய்தது என்று போடுங்கள். என்னைப் போல இதே பெட்டியை வாங்கியவர்களுக்கும் நீங்களாகவே தகவல் சொல்ல வேண்டும், அவர்கள் தட்டில் வைப்பதற்கு முன்னால்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பற்றுச்சீட்டு, பெட்டி, படங்கள் எல்லாவற்றோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போவேன், அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். ஊசியை அதே பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்