மூன்று நாள் மூட்டுவலிப் பொடி

ஐயா,

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஒட்டப்படும் மூட்டுவலி நோட்டீஸ்களை நம்பி, ஈரத்தில் நின்று கொழுந்து பறிப்பவர்கள் பொடி வாங்குகிறார்கள். மூன்றே நாளில் வலி பறந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஸ்டீராய்டு கலப்பை; வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அடக்கும் ஹார்மோன் வகை மருந்து அது. வாரக்கணக்கில் தின்றால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும். பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்துவது அதைவிட மோசம்: உடம்பு அந்த ஹார்மோனைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. இந்தப் பொடிப் பொட்டலத்தில் கோடு கிடக்கட்டும், உரிம எண், பேட்ச் எண், மூலப்பொருள் பட்டியலாவது உண்டா? சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து, மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கிறது. நோட்டீஸில் அந்த விளம்பரமும் இருக்கிறது, கொட்டை எழுத்தில்.

- மருந்தாளுநர்கள் சிலர், கோத்தகிரி