பொலன்னறுவையின் தமிழ்க் கல்வெட்டுகளை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் குடும்பம் குடும்பமாகவும் பழைய மாணவர் குழுக்களாகவும் பாசிக்குடாவுக்கும் மட்டக்களப்புக்கும் வேன் பிடித்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. போகிற வழியில் பொலன்னறுவை இருப்பதால் அங்கும் இரண்டொரு மணிநேரம் இறங்குகிறார்கள். கல் விகாரையைப் பார்த்து, பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் நின்று படம் எடுத்து, கதுருவெலையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடியும் வேனில் ஏறிவிடுகிறார்கள். இந்த அவசரத்தில் அவர்கள் பாராமல் விட்டுச் செல்கின்றவை எவை என்பதை எடுத்துச் சொல்வதற்காகவே, கொழும்பில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பொலன்னறுவை என்றதும் அது நமக்குத் தொடர்பில்லாத, வேறொருவருடைய வரலாறு என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு எவ்வித ஆதாரமும் இல்லை என்பதை அந்நகரின் கற்களே சொல்கின்றன. முதலாம் இராஜராஜனின் படைகள் 993ஆம் ஆண்டளவில் இத்தீவின் வடபகுதியைக் கைப்பற்றிய பின்னர், சோழர் அநுராதபுரத்தை விட்டுப் பொலன்னறுவையைத் தமது ஆட்சித் தலைநகராக்கி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அந்தப் படையெடுப்புகளின்போது விகாரைகள் கொள்ளையிடப்பட்டதைப் பாளி வரலாற்று நூலாகிய சூளவம்சம் வேதனையோடு பதிந்திருக்கிறது. அதையும் நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். 1070இல் முதலாம் விஜயபாகு நகரை மீட்டான். ஆனால் சோழர் ஆட்சி போனதோடு தமிழும் தமிழரும் அங்கிருந்து போய்விடவில்லை. நான் சொல்ல வந்த விடயத்தின் மையமே இதுதான்.

அண்மையில் தங்கையின் குடும்பத்தோடு அங்கே சென்று ஓர் இரவு தங்கினேன். எங்களுடன் வந்த வழிகாட்டி, பபளு விகாரையைத் தாண்டிச் செல்லும் சிறு பாதையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்றார். அந்தப் பாதையின் முடிவில்தான் வானவன் மாதேவி ஈஸ்வரம் நிற்கிறது. இன்றைய தகவற் பலகைகளில் அதற்கு இரண்டாம் சிவ தேவாலயம் என்று பெயர். இராஜராஜனின் பட்டத்தரசியரில் ஒருவரும் இராஜேந்திரனின் தாயாருமாகிய வானவன் மாதேவியின் பெயரால் எடுக்கப்பட்ட இக்கோயில், அடிமுதல் சிகரம் வரை கல்லாலேயே கட்டப்பட்டது. செங்கல்லால் கட்டப்பட்ட அரண்மனையின் மேல்மாடிகள் எல்லாம் சரிந்து, லங்காதிலக விகாரையின் கூரையும் போய்விட்ட அந்நகரில், அவற்றுக்கு முந்திய இந்தச் சிறு கோயில் விமானத்தோடு முழுமையாக நிற்பதைக் காண்பவர் எவரும் கைகூப்பாமல் இருக்க முடியாது. விமானத்தின் மூலைகளில் நந்திகள் அமர்ந்திருக்கின்றன. கருவறையில் இலிங்கம் இருக்கிறது. நாங்கள் போன அன்று அதன்மேல் யாரோ வைத்த அலரிப்பூக்கள் வாடாமல் கிடந்தன. சுவரில் வெட்டப்பட்ட தமிழ் எழுத்துகளைத் தங்கையின் மகள் விரலால் தொடாமல், சற்று எட்டி நின்றபடியே, "இது ட, இது ப, இது ம" என்று ஒன்றொன்றாகக் கண்டுபிடித்தாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அவள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட எழுத்தில் அவளால் சிலவற்றையேனும் வாசிக்க முடிந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. அதிராஜேந்திர சோழனின் பெயர் தாங்கிய கல்வெட்டும் இக்கோயிலில் உண்டு. அவனது குறுகிய ஆட்சியும், பொலன்னறுவையில் சோழர் ஆதிக்கமும் ஏறக்குறைய ஒரே வேளையில் முடிவுற்றன.

இதைவிடவும் நம் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய கல் ஒன்று, எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து திரியும் புனித முற்றமாகிய தளதா மளுவவிலேயே இருக்கிறது. வட்டதாகே என்னும் வட்ட வடிவ ஆலயத்தைப் பார்த்துவிட்டு எதிர்ப்புறம் திரும்பினால், விஜயபாகு மன்னன் புனித தந்தத்துக்காகக் கட்டுவித்த அட்டதாகேயின் கற்றூண்கள் தெரியும். அதன் அருகே நிமிர்ந்து நிற்கும் கற்பலகைதான் வேளைக்காரர் கல்வெட்டு. தொடக்கத்தில் வரும் வடமொழிப் பகுதி தவிர, எஞ்சியது முழுவதும் தமிழ். விஜயபாகு ஐம்பத்தைந்து ஆண்டுகள் அரசாண்டு மறைந்த பின்னர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அரச குருவாகிய முகலன் என்னும் மகாதேரர், தென்னிந்தியக் கூலிப்படையினரான வேளைக்காரரை அழைத்து, தந்த தாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். அவர்கள் வணிகக் குழுவினராகிய வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்து அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். கோயிலுக்கு "மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி" என்று தங்கள் பெயரையே சூட்டினர். அக்கோயிலின் ஊர்களையும் உடைமைகளையும் பணியாளரையும், அங்கே அடைக்கலம் புகுந்தவர்களையும், தாங்கள் அழிய நேர்ந்தாலும் காப்போம் என்று உறுதி எழுதிக் கொடுத்தனர். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று தம் பிரிவுகளையும் வரிசையாகப் பொறித்துவைத்தனர்.

இந்த வேளைக்காரர் எப்போதும் அடங்கியிருந்தவர்களும் அல்லர். விஜயபாகு சோழ நாட்டின்மீது படையெடுக்க ஆயத்தமானபோது, அவர்கள் அதற்கு இணங்காமல் கிளர்ந்தெழுந்து தளபதிகளைக் கொன்று அரண்மனைக்கும் தீயிட்டதைச் சூளவம்சம் கூறுகிறது. கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. அப்படியிருந்தும் அம்மன்னனின் மறைவுக்குப் பின், நாட்டின் அதியுயர் புனிதப் பொருளுக்குக் காவலாக யாரை வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, பௌத்த மகாதேரர் ஒருவர் அழைத்தது அவர்களைத்தான். அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, நகரின் நடு மையத்தில் எல்லோரும் பார்க்க நாட்டினார்கள். நம் நாட்டில் இனங்களுக்கிடையிலான உறவைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறோம். அதைப் பற்றிப் பேச விரும்பும் எவரும் ஒரு தடவையாவது அந்தக் கல்லின் முன் நின்றுவிட்டு வந்து பேசினால் நன்றாயிருக்கும் என்று உளமார நம்புகிறேன்.

சைவ ஆலயங்கள் சோழர் காலத்தோடு நின்றுவிடவும் இல்லை. அரண்மனைக்கும் தளதா மளுவவுக்கும் இடையே உள்ள முதலாம் சிவ தேவாலயம், பாண்டியர் கலைப்பாணியில் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்ததாகக் கருதப்படுகிறது. அதன் மேற்பகுதி அழிந்துவிட்டாலும், கல்லோடு கல் பொருந்தியிருக்கும் நேர்த்தியைச் சுவரின் அருகே சென்று பார்த்தால்தான் உணர முடியும். பொலன்னறுவையின் சிவ தேவாலயங்களிலிருந்துதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியல் ஆணையாளர் எச். சி. பி. பெல் நடத்திய அகழ்வுகளிலும் 1960இல் நடந்த அகழ்வுகளிலும், நடராசர், சிவகாமி, சுந்தரர், மாணிக்கவாசகர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுட் பல நம் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கின்றன. மணக்கோலத்தில் நிற்கும் சுந்தரரின் முகத்தில், இறைவன் வந்து தடுத்தாட்கொண்ட கணத்தின் திகைப்பும் பேரானந்தமும் ஒருசேரத் தெரிகின்றன. தேவாரம் படித்த பிள்ளையை அத்திருமேனியின் முன் நிறுத்தினால் பாடநூலில் வராத ஒன்று விளங்கும். இத்திருமேனிகளைப் பற்றி விரிவாக எழுதியவர்களுள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். அரசியலில் மட்டுமே அவரை அறிந்துள்ள இன்றைய தலைமுறைக்கு இதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே பொலன்னறுவைக்குப் போவோர், போவதற்கு முன் ஒரு காலைப்பொழுதைக் கொழும்பு நூதனசாலையில் செலவிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். 1877ஆம் ஆண்டு முதல் பொதுமக்களுக்காகத் திறந்திருக்கும் அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆறுதலாக நடந்திருக்கிறார்கள்? அங்கே 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டு திகதியிட்டு வெட்டுவித்த அக்கல்லில், சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயிலின் தெய்வமாகிய தெனாவரை நாயனாருக்கும் காணிக்கைகளைச் சொல்ல, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைப் போற்றுகிறது. பொலன்னறுவை கைவிடப்பட்டு நெடுங்காலம் சென்ற பின்னரும் தென்னிலங்கைத் துறைமுகம் ஒன்றில் பொது மொழியாகத் தமிழ் கொள்ளப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எதுவும் எனக்குத் தெரியாது.

தமிழ்ச் சின்னங்களை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அது முன்னைய அறியாமையின் மறுபக்கமாகிவிடும். கல் விகாரையின் கிடந்த திருக்கோலத்தில், தலையணை சற்றே அமுங்கியிருப்பதைக் கல்லில் காட்டிய சிற்பியின் கைத்திறனை நின்று பார்க்க அரைமணிநேரமாவது வேண்டும். மிகிந்தலையிலிருந்து கொண்டுவரப்பட்டதாகத் தானே கூறும் கல்பொத்த என்னும் பெருங்கற்பலகையின் பக்கவாட்டில் இரு யானைகள் நீராட்டும் கஜலட்சுமியைக் காணலாம். அது பௌத்த மன்னன் நிசங்கமல்லனின் சிங்களச் சாசனம். பராக்கிரம சமுத்திரத்தைப் பெருக்குவித்த முதலாம் பராக்கிரமபாகுவோ, யானைகளும் குதிரைகளும் ஏற்றி வரும் கப்பல்கள் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்ற தன் ஆணையைத் தமிழில் வெட்டுவித்தான். அக்கல் இன்றும் நயினாதீவில் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்த இடைக்கால நகரம் பிள்ளைகளுக்குப் புரியும்.

நடைமுறை பற்றியும் சில சொற்கள் எழுத வேண்டும். கொழும்பிலிருந்து பொலன்னறுவை 220 கிலோமீற்றர் அளவு தூரம். போய் வரும் களைப்போடு ஒரே நாளில் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து, அங்குள்ள நூதனசாலையையும் அணைக்கட்டையும் அன்று பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் தளதா மளுவவில் தொடங்குவதே சரி. பத்து மணிக்குப் பின் அங்குள்ள கற்றரை வெறுங்காலில் சுடும். முதியவர்களும் சிறுபிள்ளைகளும் அதனாலேயே பாதியில் திரும்பிவிடுகிறார்கள். தடித்த காலுறை கொண்டுபோவது நல்லது. வானவன் மாதேவி ஈஸ்வரத்துக்குப் போகும்போது பூவும் கொண்டு போகலாம், ஆனால் கல்லில் எண்ணெய் தடவவோ கற்பூரம் கொளுத்தவோ வேண்டாம். பக்தியால் செய்தாலும் புகையும் எண்ணெயும் எழுத்துகளைக் கெடுத்துவிடும்.

இனி, தங்கள் பத்திரிகையிடம் ஒரு விண்ணப்பம். ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்னதாக மாணவர் பகுதியில் வேளைக்காரர் கல்வெட்டின் வாசகத்தை, அருகே இன்றைய தமிழில் விளக்கத்தோடு, ஒரு முழுப்பக்கத்தில் வெட்டியெடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய வடிவில் வெளியிடுங்கள். கல்வெட்டியலில் பயிற்சியுள்ள பல்கலைக்கழக ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இருக்கிறார்கள். கேட்டால் அவர்கள் நிச்சயம் உதவுவார்கள். அதற்கடுத்த கிழமை, சோழர் காலத்தில் இராஜராஜப்பெரும்பள்ளி என்று வழங்கிய, திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரையின் தமிழ்க் கல்வெட்டுகளையும் வெளியிட முடியுமானால் மிக நன்று. தமிழர் பௌத்தப் பள்ளிக்குக் கொடை வழங்கிய செய்தி அங்கே கல்லிலேயே இருக்கிறது. கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் வரலாற்று ஆசிரியர்கள் அப்பக்கங்களைப் படியெடுத்து, சுற்றுலா செல்லும் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு - 06.